ஃபாதர் அப்படிச் சொல்லவே இல்லை

அருள், சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படி. வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும், என்னைப் போல. ஏழு பக்கம் இருக்கிறது. எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மேலே எண் போட்டிருக்கிறேன். வரிசை மாற்றிப் படித்துவிட்டு "என்னப்பா உளறுறீங்க" என்று கேட்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ ஒரு வார்த்தை குரலை உயர்த்தினால் நான் இரண்டு வார்த்தை உயர்த்துவேன், அப்புறம் "டவர் இல்லை" என்று சொல்லி வைத்துவிடுவேன். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து நம் இரண்டு பேருக்கும் நடப்பது அதுதானே.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணப் பூசையில் செலின் அக்கா பைபிள் வாசகம் வாசிக்கக் கூடாது என்று ஃபாதர் சொன்னதாக நான் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். ஃபாதர் அப்படிச் சொல்லவே இல்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. நானாகக் கட்டிவிட்டது. புதன்கிழமை காலையில் கல்யாணப் பூசைப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதில் முதல் வாசகத்துக்கு நேராக உன் அக்காவின் பெயர் இருக்க வேண்டும். அதைச் செய்ய இப்போது என்னால் முடியாது, உன்னால்தான் முடியும். அது ஏன் என்று சொல்லத்தான் மீதிப் பக்கங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக நம் பங்குக் கோயிலில் வாசகர் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை யார் வாசிப்பது என்று பட்டியல் போடுவதும், மைக் முன்னால் தடுமாறுகிறவர்களை முன் வரிசையிலிருந்து முறைப்பதும் என் வேலை. என்னைக் கண்டால் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உன் அம்மா சொல்வாள். பசுமலையில் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவனுக்கு அதிகாரம் செய்யக் கிடைத்த ஒரே இடம் அது, விட்டுவிடுவேனா? அந்த அதிகாரத்தோடு சொல்கிறேன், நம் பங்கில் செலினைப் போல வாசிக்க ஆள் இல்லை. மகள் என்பதால் சொல்லவில்லை. மற்றவர்கள் குரலை ஏற்றி இறக்கி நாடகம் போடுவார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி வாசிப்பாள். கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். உனக்கும் பெனிட்டாவுக்கும் நிச்சயமான அன்று மத்தியானமே ஒரு தாளை எடுத்து, முதல் வாசகம் செலின் என்று எழுதினேன். பதிலுரைப் பாடலுக்கும் மன்றாட்டுக்கும் ஆள் தேடியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படி எழுதிய கையே அந்தப் பெயரை எப்படி அடித்தது என்று கேட்பாய். சேலை எடுக்கப் போன அன்றைக்கே அது ஆரம்பித்துவிட்டது. நம் வழக்கப்படி பெண்ணுக்குக் கல்யாணச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்கு நான், உன் அம்மா, செலின், என் தங்கை லூர்து, நாலு பேரும் போனோம். பெனிட்டா திண்டுக்கல்லில் இருந்து வீடியோவில் வந்தாள். என்ன நிறம், சரிகை எம்புட்டு அகலம், ரவிக்கைக்குக் கை நீளமா குட்டையா, தலையில் குத்துகிற வெள்ளை நெட்டு இடுப்போடு நிற்கலாமா தரையில் இழுபடலாமா என்று அவளும் செலினும் ஒரு வாரமாகப் பேசி முடித்திருந்தார்கள். தந்த நிறத்தில் சன்னமான சரிகை போட்ட பட்டு. லூர்துவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏண்ணே, கோயிலுக்குள்ள இம்புட்டு வெள்ளையா நின்னா பொண்ணு எங்க நிக்கிறா, செவரு எங்க நிக்குதுன்னு தெரியுமா? அரக்குல எடுங்க" என்றாள். செலின் சிரித்துக்கொண்டே, "அத்தே, உங்க கல்யாணத்துக்கு அரக்கு கட்டிக்கிட்டீங்கள்ல, அது போதும்" என்றாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கடைக்காரர் சேலையை விரித்துப் போட்டார். போனில் பெனிட்டாவுக்குக் காட்டலாம் என்று செலின் அதை எடுக்கக் கையை நீட்டினாள். "ஏய் செலினு, நீ இரு" என்றாள் லூர்து. "மொதல்ல புருஷனோட வாழ்றவ யாராச்சும் எடுக்கட்டும். நல்ல காரியத்துக்கு எடுக்குற சேலை." சொல்லிவிட்டு அவளே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் செலின் அம்மாவிடமிருந்து போனை வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் கடையில் கொடுத்த காபி இருந்தது. என் வீட்டுப் பிள்ளையை என் கண் முன்னால் என் தங்கை தள்ளி நிறுத்துகிறாள். "வாயை மூடு லூர்து" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீக்கிரம் பாருங்க, வண்டி வெயில்ல நிக்குது" என்றேன்.

பெனிட்டா போனில் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று சாயங்காலமே செலினைக் கூப்பிட்டு, "அண்ணி, பியூட்டிஷியன் வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்கு நெட்டு குத்துறதும் நீங்கதான், தாலி கட்டுறப்ப பின்னால நின்னு முடிச்சுப் போடுறதும் நீங்கதான். வேற யாரு கை வச்சாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாளாம். இன்னும் நம் வாசலுக்குள் வராத பெண்ணுக்கு இருந்த தைரியம் பெத்த அப்பனுக்கு இல்லை. இந்தப் பெண்ணை நீ பத்திரமாக வைத்துக்கொள். வைத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நம் ஆட்கள் யாராவது, நானாகவே இருந்தாலும் சரி, அவளை ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே, அப்போதே பேசு. ராத்திரி அறைக்குள் போய் "அவங்க அப்படித்தான், மனசுல வச்சுக்காத" என்று தடவிக்கொடுப்பதெல்லாம் எதற்கும் உதவாது. நான் உன் அம்மாவுக்கு அப்படித் தடவிக்கொடுத்தே காலத்தை ஓட்டினவன். அவள் எதையும் மறக்கவில்லை, தேதியோடு சொல்வாள்.

அடுத்த வாரம் அச்சகத்துக்குப் போனேன். டைப் செய்கிற அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "சார், எல்லாரும் ஜோடி ஜோடியா இருக்காங்க. இவங்க பேரு மட்டும் தனியா இருக்கு. கூட என்ன பேரு போட?" என்று கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் நிச்சயதார்த்தத்தில் பெனிட்டாவின் பெரியப்பா, "மூத்த மாப்ள வரலையா?" என்று கேட்டபோது, "கப்பல்ல வேலை, லீவு கிடைக்கல" என்று சொல்லிவைத்திருந்தேன். பெனிட்டாவுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் நீ எல்லாம் சொல்லிவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் கோயில் ஆட்கள் என்று இருநூறு பேர் வருவார்களே. புத்தகத்தில் செலின் பெயர் தனியாக நின்றால் கேள்வி வரும். அவள் போய் மைக் முன்னால் நின்றால் இன்னும் வரும். "இப்ப அந்த எடத்துல வேற பேரு போடுங்கம்மா" என்று சொல்லி, லூர்து பெயரையும் அவள் வீட்டுக்காரர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். லூர்து மைக்கைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறவள். அவளையா முறைத்துத் திருத்தப் போகிறாய் என்று என் மனசே என்னைக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் செலின் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தாள். "என் பேரு எங்கப்பா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், விட்டுப்போயிருக்கும் என்ற நினைப்பில். "ஃபாதர் வேண்டாம்னுட்டாரும்மா. பிரிஞ்சு இருக்கறவங்கள கல்யாணப் பூசையில ஏத்துனா மத்தவங்க கேப்பாங்களாம்" என்றேன். "ஃபாதரா சொன்னாரு?" "ஆமா." பக்கங்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கே.கே. நகரில் அவள் பள்ளிக்கூடத்து மீட்டிங்குக்குப் போய்விட்டாள். அன்றைக்கே நீயும் போன் செய்தாய். உனக்கும் அதையே சொன்னேன், இன்னும் சரளமாக. "அப்ப நான் வந்து ஃபாதர்ட்ட நேர்லயே கேக்குறேன்" என்று கத்திவிட்டு வைத்தாய். அதற்கப்புறம் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய்.

நீ வியாழக்கிழமை வந்து இறங்கினால் குட்டு உடையும், அதற்குப் பயந்துதான் இப்போது உண்மையைச் சொல்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அதுவும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை வாசித்த அன்று உன் பெயர் கேட்டதும் உன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். நன்மை நேரத்தில் ஃபாதர் கையால் அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். செலின் எழுந்திருக்கவில்லை. ஏதோ சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாவது ஓலை அன்று அவள் நம்மோடு உட்காரவே இல்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தாள். நன்மை நேரத்தில் அந்த வரிசையில் இருந்தவர்கள் வெளியே வர முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள், அவள் மட்டும் அப்படியே இருந்தாள். எட்டு வயதில் புதுநன்மை வாங்கியதிலிருந்து காய்ச்சல் வந்தால்கூட நன்மையை விடாத பிள்ளை. அவள் கணவன் வீட்டில் எல்லாம் கெட்டுப்போன நாட்களில்கூட, அது ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவ எங்கிட்ட கேட்டா. 'ஏம்மா, வாசிக்கவே தகுதி இல்லேன்னு ஃபாதர் சொல்றாருன்னா, நன்மை மட்டும் வாங்கலாமா'ன்னு. எனக்கு என்ன தெரியும்? ஃபாதர்ட்ட கேளுடின்னேன். 'இன்னொருக்கா அவரு வாயால வேற கேக்கணுமா'ன்னு போயிட்டா." அருள், பிரிந்து வாழ்கிறவள் வாசிக்க எந்தத் தடையும் இல்லை, நன்மை வாங்கவும் தடை இல்லை. இருபத்திரண்டு வருஷம் கோயில் வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாதா? இருநூறு பேர் கேள்வி கேட்பார்களே என்று நான் சொன்ன ஒரு பொய், என் பிள்ளையைக் கோயிலின் கடைசி வரிசைக்குத் தள்ளி, கடவுளே அவளை வேண்டாம் என்று சொன்னதாக நம்ப வைத்துவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரியாது. அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்தாளே, அது முதல் தடவை இல்லை. அதற்கு முந்திய வருஷம் ஒருமுறை வந்தாள். நீ அப்போது பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி, மூன்றாம் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட்டாகப் பார்த்து இடம் பிடித்துக் கொடுத்தேன், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி. திரும்பி வந்தவளிடம் போன சனிக்கிழமை வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவளும் குத்திக்காட்டியதே இல்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம் ஃபாதர் உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அந்தச் சின்ன வயது மனிதர் முன்னால் முழந்தாளிட்டு, "சாமி, உங்க பேரைச் சொல்லியே பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. "எம்பேர இழுத்ததுகூடப் பரவால்ல ஐயா. ரெண்டு வாரமா அவங்க நன்மைக்கு வரல, நானா கேட்டா சங்கடப்படுவாங்களேன்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போனதும் அவங்ககிட்ட சொல்லிருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க. அதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். "ஜெபமாலை ஒண்ணும் சொல்ல வேணாமா ஃபாதர்?" என்று கேட்டேன். "ஜெபமாலை உங்களுக்கு லேசு ஐயா" என்றார். பொல்லாத சாமியார்.

ஆனையூர் ரோட்டில் வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஒரு இடத்தில் தேவையே இல்லாமல் வாழைப்பழம் வாங்கினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது செலின் சாப்பாட்டு மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றபடி சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பட்டது. கடையில் வாயை மூடிக்கொண்டிருந்தது, அச்சகம், ஃபாதர் பெயர், எல்லாம் சொன்னேன். பஸ் ஏற்றிவிட்டதையும் சொன்னேன். அவள் கையில் சிவப்புப் பேனா அப்படியே நின்றது. "ஃபாதர் பேருல சொன்னது பொய்னு அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியாது. நான் மட்டும்தான்." "ஃபாதர் ஒண்ணுமே சொல்லலையா?" "சொல்லல." "ரெண்டு வாரம்ப்பா" என்றாள். "ரெண்டு வாரம் நான் அங்க உக்காந்து, நான் என்ன பாவம் பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அடிச்சவன் அங்க ஜம்முன்னு நன்மை வாங்கிக்கிட்டு இருப்பான்." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த பேப்பரை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். நான் வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். உன் அம்மாவிடமும் அப்போதே சொன்னேன். அவள் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுகிறாள், பேச்சு மட்டும் கிடையாது.

நேற்று மூன்றாவது ஓலை. செலின் அம்மாவோடு முன்னால் உட்கார்ந்தாள். நன்மை நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து போனாள். நான் கூடவே எழுந்தேன், ஆனால் அவளுக்குப் பின்னால் நிற்க மனசு வரவில்லை. நாலு பேரை விட்டுவிட்டு நின்றேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து லூர்துவிடம் சொன்னேன், வாசகம் உனக்கு இல்லை, செலினுக்கு என்று. "நாலு பேரு என்ன சொல்லுவாங்கண்ணே?" என்றாள். "நாலு பேரு கேட்டா எங்கிட்ட அனுப்பு. எம்மருமகன் கப்பல்ல இல்ல, எம்மகளை அடிச்சான், அதான் அவ எங்க வீட்டுல இருக்கான்னு நானே சொல்றேன்" என்றேன். நிச்சயத்தன்று வராத குரல் நேற்று எங்கிருந்து வந்ததோ, பெரிதாகவே வந்தது. பெனிட்டாவின் பெரியப்பாவுக்கும் மத்தியானம் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். மனுஷன், "எந்தங்கச்சிக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார். இம்புட்டுதான். இதற்காகவா நான் அந்தப் பாடு படுத்தினேன்?

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட மிதப்பில், சாயங்காலம் செலினிடம் போய், "அம்மா, வாசிக்கிறியாம்மா? புதன்கிழமை புத்தகம் போகுது" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கேட்டா வாசிக்க மாட்டேன்ப்பா. உங்க மனசு ஆறுறதுக்காக நான் மைக் முன்னால போய் நிக்க முடியாது. தம்பி கேட்டான்னா வாசிப்பேன். அவன் கல்யாணம்." எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. மொட்டை மாடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம் தோன்றியது, அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். அச்சகத்தில் முதல் வாசகத்தின் இடத்தை வெறுமனே விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் பெயரைத் தனியாகவே போடச் சொல்லியிருக்கிறேன், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நீ சொன்னதும் அவர்கள் போட்டுக்கொள்வார்கள். செலின் இன்றைக்கு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐந்தரைக்குக் கூப்பிடு. அப்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், வேண்டுமென்றே வெளியே போகிறேன். அவளிடம் எனக்காகப் பரிந்து பேசாதே. "அப்பா பாவம்க்கா, வயசாச்சு" என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு, அதற்கு உன் கல்யாணத் தேதிக்குள் கெடு எதுவும் இல்லை. நீ தம்பியாக மட்டும் கேள். "அக்கா, எனக்கு நீ வாசிக்கணும்" என்று கேள். அவள் சரி என்றால், அன்றைக்கு நான் முன் வரிசையில் உட்கார மாட்டேன். எல்லோரையும் முறைத்த அந்த இடத்தில் உன் அம்மா மட்டும் இருக்கட்டும். நான் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா